உயிருள்ள தோல்

"கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள், வாத்தியாரே, மற்றபடி தோலை உரித்துவிடுங்கள்!"

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த தகப்பன்மார்கள் தலைமுறை தலைமுறையாக நம் நாட்டில் சொல்லி வந்த வாக்கியம் இது. சொன்னவர்கள் பெற்ற பிள்ளையின்மேல் ஆசையில்லாதவர்கள் அல்லர். தோலை உரித்தால் பிள்ளை உருப்படுவான் என்று மனசார நம்பியவர்கள். இன்றைக்கு அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லப் பலருக்குத் துணிவில்லை. பள்ளியில் குழந்தையை அடிப்பதும், மனத்தளவில் துன்புறுத்துவதும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் 17-ஆம் பிரிவிலே எழுதி வைத்துவிட்டது. பிரம்பு அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ஆனால் அந்த நம்பிக்கை எங்கும் போய்விடவில்லை. வேறு வேஷம் போட்டுக்கொண்டு நம் வீட்டுக் கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. முன்பு வாத்தியார் உரித்தார். இப்போது உடன் படிக்கிற பிள்ளைகள் உரிக்கிறார்கள். நாம் பக்கத்தில் நின்று, "நாலு பேர் நாலு விதமாகக் கேலி செய்யத்தான் செய்வார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டால்தானே பையன் பதப்படுவான்!" என்று வியாக்கியானம் சொல்லுகிறோம்.

பதப்படுவான்! வேலூர்ச் சீமையில் நின்றுகொண்டு இந்தச் சொல்லை உச்சரிக்கும்போது மனிதன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகப் பதப்படுத்துவதே தொழிலாக இருக்கிற ஊர்கள். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் உப்புப் பூசி வந்து இறங்குகின்றன. ஊற வைக்கிறார்கள். சுண்ணாம்பில் போட்டு மயிரைக் கழிக்கிறார்கள். உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சதையைச் சுரண்டி எடுக்கிறார்கள். அப்புறம், முற்காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் இக்காலத்தில் பெரும்பாலும் குரோமிய உப்பிலும் போட்டுப் பதனிடுகிறார்கள். அழுகிப் போயிருக்க வேண்டிய ஒரு பொருள் அழுகாத பொருளாகிறது. சீமையிலே யாரோ ஒரு துரையின் காலுக்குப் பூட்ஸாகிறது. அருமையான தொழில்தான், ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிற தொழில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் தோலுக்குச் சொந்தமான பிராணி முதலில் செத்திருக்க வேண்டும். உயிருள்ள தோலைப் பதனிட முடியாது. உயிருள்ள தோலில் சுண்ணாம்பு பட்டால் அது பதப்படாது, வெந்து புண்ணாகும்.

இவ்வளவு சாதாரண உண்மையை மறந்துவிட்டு நாம் குழந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வழக்கு.

உடனே ஒரு கனவான் எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். "நான்கூடத்தான் பள்ளியில் கேலிக்கு ஆளானேன். சப்பை மூக்கன் என்றார்கள், தத்துவாயன் என்றார்கள். அதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று? இன்று கௌரவமான உத்தியோகத்தில் இல்லையா?" என்பார். இருக்கிறீர்கள் ஐயா, நன்றாகவே இருங்கள். ஆனால் ஆற்றைக் கடந்து கரையேறியவன்தான் வந்து ஆற்றில் ஆழமில்லை என்று சாட்சி சொல்லுகிறான். முழுகிப் போனவன் எந்தச் சபையில் வந்து சாட்சி சொல்லப் போகிறான்? பிழைத்தவர்களின் வாக்குமூலத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அதுமட்டுமல்ல. அந்தக் கனவான் இரண்டு வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்புகிறார். இரண்டு பையன்கள் கட்டிப் புரண்டு சண்டை போட்டுவிட்டு மறுநாளே ஒரே நெல்லிக்காயை ஆளுக்குப் பாதியாகக் கடித்துத் தின்றால் அது சச்சரவு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. நார்வே நாட்டில் டான் ஓல்வேயஸ் என்ற உளவியல் அறிஞர் தம் வாழ்நாளையே இந்த ஆராய்ச்சிக்குச் செலவிட்டார். அவர் மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க வலுவில்லாதவனைப் பார்த்துச் செய்வது. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் அது விளையாட்டு அல்ல, வதை. உலகத்தில் பள்ளி செல்லும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒரு மாத காலத்துக்குள் ஒரு தடவையாவது உடன் படிப்பவர்களின் கையில் இத்தகைய தொல்லைக்கு ஆளாகியிருக்கிறார் என்று ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமான யுனெஸ்கோ 2019-ல் அறிவித்தது. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைகளில் ஒன்று உங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

அந்தக் குழந்தையின் உள்ளே என்ன நடக்கிறது? காலையில் எழுந்தவுடன் வயிறு வலிக்கிறது. டாக்டர் பார்த்தால் வயிற்றில் ஒன்றுமில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. வகுப்பில் யாராவது பின்னால் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று காது விடைக்கிறது. பாடம் காதில் ஏறவில்லை, ஏனென்றால் காது காவல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து, தங்கை பென்சிலை எடுத்தாள் என்று அவள் கன்னத்தில் அறைகிறது. அம்மா திட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தன்னைத் தானே வெறுத்துக்கொண்டு அழுகிறது. நாம் இதற்கு வைத்திருக்கிற பெயர் என்ன? திமிர், கொழுப்பு, வயசுக் கோளாறு.

நம்முடைய தொல்காப்பியர் இதைவிட நன்றாகவே கண்டிருந்தார். மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தபோது இளிவரலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இளிவரல் என்றால் இழிவுபட்ட உணர்ச்சி. நாலு பேர் நடுவில் சிறுத்துப் போன மனத்தின் நிலை. வெகுளி எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு அவர் காட்டிய நான்கு நிலைக்களங்களில் 'அலை' என்பதும் ஒன்று. அலைத்தல், அதாவது துன்புறுத்துதல். கோபம் வானத்திலிருந்து குதிப்பதில்லை, அலைக்கப்பட்ட இடத்தில் பிறக்கிறது என்று இலக்கணம் எழுதியவருக்கே தெரிந்திருந்தது. மெய்ப்பாடு என்ற பெயரே, மனத்தில் உள்ளது உடம்பில் தெரியும் என்பதற்காக வைத்த பெயர். நாமோ உடம்பில் தெரிந்ததை மட்டும் பிடித்துத் தண்டிக்கிறோம். மனத்தில் இருந்தது என்னவென்று கேட்பதில்லை.

இன்றைய மருத்துவம் இதன்மேல் இன்னும் ஒரு விளக்கைப் பிடிக்கிறது. மூளையின் உட்புறத்தில், வாதுமைப் பருப்பளவில் இருக்கிற ஒரு பகுதி ஆபத்தைக் கண்டு கூச்சல் போடுகிற காவற்காரன். நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, "பொறு, யோசி" என்று சொல்லுகிற பெரியவர். பதின்மூன்று, பதினான்கு வயதில் காவற்காரன் வேலைக்கு வந்துவிடுகிறான். பெரியவரோ இருபது வயதைத் தாண்டி வெகுநாள் ஆகும்வரை முழுவளர்ச்சி அடைவதில்லை. எந்தக் குழந்தைக்கும் இதுதான் அமைப்பு. நாள்தோறும் அலைக்கப்படுகிற குழந்தைக்குக் காவற்காரன் தூங்குவதே கிடையாது. நிழல் அசைந்தாலும் மணி அடிக்கிறான். அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய், "கோபத்தை அடக்கு" என்று சொல்லுவது, மூச்சு முட்டுகிறவனிடம் இருமாதே என்று சொல்லுவது போலாகும். உணர்ச்சியை அடக்குவது வேறு, ஆளுவது வேறு. அடக்கு என்று யாரும் உத்தரவு போடலாம். ஆளுவதற்கோ பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

ஏலகிரியில் நான் சில நாட்கள் தங்கியிருந்தபோது, அத்தனாவூரில் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒரு தாயைச் சந்தித்தேன். கூட, பதின்மூன்று வயசுப் பையன். காலடியில் ஒரு தகரப் பெட்டி. அந்த அம்மாள் ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவள். புருஷனுக்குத் தோல் பதனிடும் ஆலையில் வேலை. 'கீழே இருந்தால் இவனும் இதே வேலைக்கு வந்துவிடுவான். மலை மேலே நல்ல காற்று, நல்ல படிப்பு' என்று கடன் வாங்கி, மலையில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அதைப் போன்றவை ஊருக்கு ஊர் இருக்கின்றன.

பையன் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். அவன் குளித்துவிட்டு வந்தாலும் பிடித்துக்கொள்வார்களாம். அவன் தொட்ட நோட்டைக் குச்சியால் தள்ளுவார்களாம். ஒரு வருஷம் இப்படி நடந்திருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் அவன் எவர்சில்வர் டப்பாவை எடுத்து ஒருவன்மேல் வீசினான். புருவம் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. மறுநாளே டி.சி.

"ஒரு வருஷமா எம்புள்ள அழுதுகினு இருந்தான் சார். ஒருத்தரும் என்னக் கூப்பிட்டு அனுப்பல. ஒரே ஒரு நாள் அடிச்சான், அன்னிக்கே கூப்பிட்டு அனுப்பிட்டாங்க" என்றாள் அந்த அம்மாள்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்குமேல் ஒரு கமிஷன் அறிக்கையும் எனக்குத் தேவைப்படவில்லை. அழுகை பள்ளியின் காதில் விழவில்லை. ரத்தம் கண்ணில் பட்டுவிட்டது. புருவம் கிழிந்த பையனுக்காகவும் நான் வருந்துகிறேன். அடித்தது சரியென்று வாதாட நான் வரவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக் கதையில் கடைசி ஒரு நிமிஷத்தை மட்டும் பிய்த்து எடுத்து அதற்குத் தீர்ப்பு எழுதிய நீதியைத்தான் நான் எதிர்க்கிறேன். 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்று பழமொழி சொல்லத் தெரிந்த நமக்கு, அந்தச் சாதுவை மிரட்டியது யார் என்று கேட்க மட்டும் ஏன் தோன்றுவதில்லை?

அந்தத் தாய் பஸ் ஏறிப் போன திசையிலேயே இன்னொரு பாடம் கிடக்கிறது. தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் வயல்களையும் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நலச் சங்கத்தார் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தோல் ஆலைப் பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பாதியோ பாழாகிவிட்டதை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாமல் ஆலை நடக்கக் கூடாது என்றது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் நம் நாட்டுச் சட்டத்தில் அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

அதற்குப் பிறகும் ஒரு கோரம் நடந்தது. 2015 ஜனவரி 31-ஆம் தேதி விடியுமுன், ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தச் சேற்றில் மாண்டு போனார்கள். சுவர் உடைந்த அந்தக் கணத்தை மட்டும் பார்த்து, "பொல்லாத சுவர்!" என்று யாராவது சொன்னார்களா? தேக்கியது யார், எவ்வளவு தேக்கினார்கள், யார் கண்காணித்தார்கள் என்றுதானே ஊர் கேட்டது? ஒரு குழந்தையின் மனச்சுவர் உடைகிறபோது மட்டும் நாம் சுவரைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம். தேக்கியவர்கள் அடுத்த வகுப்புக்குப் பாஸாகிப் போய்விடுகிறார்கள்.

சட்டமும் சர்க்காரும் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் நம் சட்டங்கள் பிணத்தின் பக்கத்தில் நின்றுதான் பேசக் கற்றுக்கொள்கின்றன என்று சொல்லுவேன். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் மாணவர் ஒருவரால் கொலையுண்டார். 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியை ஒருவரைக் குத்திக் கொன்றான். அதற்குப் பிறகு நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள் என்று பத்து வாகனங்களை அரசு ஏற்பாடு செய்தது. அப்போது தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 32. ஒரு வண்டிக்கு மூன்று மாவட்டம்! தன் பள்ளிக்கு அந்த வண்டி வருகிற தினத்தைப் பார்த்துக் குழந்தை துக்கப்பட வேண்டும் போலும்.

2017 நவம்பரில், அன்றைய வேலூர் மாவட்டத்துப் பனப்பாக்கத்தில், பதினோராம் வகுப்புப் படித்த நான்கு பெண் குழந்தைகள் ஒரே நாளில் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சரியாகப் படிக்கவில்லை, பெற்றோரை அழைத்து வா என்று பள்ளியில் கண்டித்ததை அடுத்து நேர்ந்த துயரம் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று எழுதிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். அந்தக் கண்டிப்புக்கும் அந்த முடிவுக்கும் நடுவில், "வா அம்மா, கொஞ்சம் உட்கார், அப்பா என்ன சொல்லுவாரோ என்று பயமாக இருக்கிறதா?" என்று கேட்க ஒரு நாற்காலியும் ஒரு மனிதரும் இருந்திருக்க வேண்டும். தோலுக்கு ஆயிரம் மேஸ்திரிகள் இருக்கிற மாவட்டத்தில் மனசுக்கு ஒருவர் இல்லாமல் போனார்.

2023 ஆகஸ்டு 9-ஆம் தேதி இரவு நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனை, அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அவன் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் என்று கேட்டபோது தன்னை அவர்கள் படுத்திய பாட்டைச் சொன்னான். சொன்னதற்குத்தான் அந்த வெட்டு. "தொல்லை இருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?" என்று குழந்தைகளுக்கு உபதேசிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். சொன்ன குழந்தைக்குக் காவல் இல்லாத இடத்தில் சொல்லச் சொல்வது உபதேசமாகுமா, காட்டிக் கொடுப்பதாகுமா? அந்த மாணவன் பிழைத்து, மறு ஆண்டிலேயே பிளஸ் டூ பரீட்சையில் சிறப்பாகத் தேறினான். "பார்த்தீர்களா, பதப்பட்டுவிட்டான்!" என்று எவரும் கிளம்பிவிட வேண்டாம். அது அவனுடைய பெருமை. அரிவாளின் பெருமை அல்ல.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை அரசிடம் தந்தது. மணிக்கட்டில் ஜாதிக் கயிறு கூடாது, பள்ளியின் பெயரில் ஜாதி கூடாது, மாணவர் நலனைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலர்கள் வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படிக்கப் போய் மாண்ட ஒரு பெண்ணின் வழக்கில், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற ஆலோசகரோ, உளவியலாளரோ, சமூகப் பணியாளரோ ஒருவராவது இருந்தே தீர வேண்டும் என்றது. இதற்கும் ஓர் உயிர் முன்னால் போக வேண்டியிருந்தது.

ஆகவே காகிதத்தில் குறைவில்லை. இனிமேல் பள்ளிகள் என்ன செய்யும் என்பதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். பி.டி. வாத்தியாரையோ, பீரியட் குறைவாக உள்ள ஓர் ஆசிரியையையோ கூப்பிட்டு, "இன்று முதல் நீங்கள்தான் கவுன்சிலர்" என்பார்கள். இரண்டு நாள் பயிற்சி; ஒரு பலகை; பலகைக்கு அடியில் ஒரு புகார்ப் பெட்டி; பெட்டிக்குப் பூட்டு; பூட்டின் சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. காலையில் கணக்குத் தப்பாகப் போட்டதற்குத் திட்டிய அதே ஆசிரியரிடம் மாலையில் போய்ப் பிள்ளை தன் மனத்தைத் திறந்து கொட்ட வேண்டுமாம். மார்க்குப் போடுகிற கையும் கண்ணீர் துடைக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஆலோசகர் என்பவர் மார்க்குப் போடாதவராக, தண்டனை தராதவராக, அதற்கென்றே படித்தவராக, தினமும் அதே அறையில் இருப்பவராக இருக்க வேண்டும். இரவில் கூப்பிட 1098-ம், டெலி மானஸ் 14416-ம் இருக்கின்றன; நல்லவைதான், வீட்டுச் சுவரில் எழுதியே வையுங்கள். ஆனால் விடுதியில் போன் இல்லாத குழந்தைக்கு நடந்து போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டும்.

அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும்? மந்திரம் ஒன்றும் நடக்காது. முதலில் குழந்தைக்குத் தன் உணர்ச்சியின் பெயர் தெரிய வேண்டும். 'கோபம்' என்று அது சொல்லுவதன் அடியில் அவமானம் இருக்கும். அவமானத்தின் அடியில் பயம் இருக்கும். பெயர் தெரிந்த பேய் பாதி அடங்கிவிடும். அப்புறம், ரத்தம் தலைக்கு ஏறுகிற அந்தச் சில விநாடிகளை அடையாளம் கண்டுகொள்ள, மூச்சை நிதானமாக விட, இடத்தைவிட்டு நகர, நம்பகமான ஒருவரிடம் ஓடி வரப் பழக்குவார்கள். நீச்சலைப் போல இதுவும் பழகப் பழகத்தான் வரும்.

ஆனால் இங்கேதான் நான் ஆலோசனைக்காரர்களோடும் சண்டைக்கு நிற்கிறேன். மூக்கைப் பிடித்தவர்களை வகுப்பில் விட்டுவிட்டு, மூக்கைப் பிடிக்கப்பட்டவனை மட்டும் அறைக்கு அழைத்து மூச்சுப் பயிற்சி கொடுத்தால் அது ஆலோசனை அல்ல. தோலை இன்னும் கொஞ்சம் இதமான தண்ணீரில் ஊற வைப்பது, அவ்வளவுதான். வள்ளுவர் வெகுளாமையை முதலில் யாருக்குச் சொன்னார்? கோபத்தைக் காட்டினால் செல்லுபடியாகிற வலியவனுக்கு. நாமோ அதை அடிபடுகிற எளியவனுக்கே பாராயணம் பண்ணி வைக்கிறோம். வதைக்கிற பையனும் குழந்தைதான். அவன் வீட்டில் அவனை யார் வதைக்கிறார்களோ! அவனையும் அந்த அறைக்குள் அழைக்க வேண்டும். அவர்கள் இருவரையும்விட முக்கியமானவர்கள் சுற்றி நின்று சிரித்த மற்ற முப்பத்தெட்டுப் பேர். ஃபின்லாந்து தேசத்தில் 2009 முதல் நாடு முழுதும் பரவிய 'கிவா' என்ற திட்டம் இந்த வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைத்தான் முதலில் பிடித்தது. சிரிக்க ஆளில்லாவிட்டால் கூத்து நடக்காது என்பது கூத்தாடிக்கே தெரியும்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு; நமக்கு ஒத்து வராது" என்று இன்னொரு கட்சி உண்டு. அவர்கள் வேலூருக்குப் பக்கத்தில் பாகாயம் வரை ஒரு நடை போய் வரலாம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-ல் அங்கே மனநல மையம் ஒன்றைத் தொடங்கியது. நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல், குடும்பத்தாரும் கூடவே தங்கியிருந்து சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை அங்கே வேரூன்றியது. நம் வீடுகளின் குணத்தை அறிந்து அமைந்த வழி அது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே ஊற்று இருக்கும்போது, ஐம்பது கல் தொலைவில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்ட மனமில்லாமல், தண்ணீர் அந்நியம் என்று சாக்குச் சொல்லக் கூடாது.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பது கடைசிக் கேள்வி. சம்பளம் கட்ட வழியில்லாத ஏழைப் பள்ளிகளுக்கு அரசு கொடுக்கட்டும். கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கட்டடத்துக்குக் கண்ணாடி, வாசலுக்கு வளைவு, ஆண்டு விழாவுக்கு சினிமாக்காரர் என்று செலவழிக்கிற பள்ளிகள் இந்தக் கேள்வியைக் கேட்க யோக்யதை இல்லாதவை. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிற நாம் எதைக் கேட்டுச் சேர்த்தோம்? சென்ற வருஷம் எத்தனை பேர் முதல் வகுப்பு என்று கேட்டோம். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டோம். "என் பிள்ளை அழுதால் இங்கே யாரிடம் போவான்?" என்று ஒருவராவது கேட்டோமா?

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறுகிற மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. அவற்றுக்குப் புலவர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். பாரி என்று ஒரு வளைவு, பேகன் என்று ஒரு வளைவு. முல்லைக் கொடி பாரியிடம் போய் மனு எழுதிக் கொடுக்கவில்லை. மயில் பேகனின் அரண்மனை வாசலில் புகார்ப் பெட்டியைத் தேடவில்லை. ஒரு கொடி பற்றுக்கோல் இல்லாமல் தவிப்பதை ஒருவன் தானாகப் பார்த்தான். ஒரு பறவை குளிரில் நடுங்குவதாக ஒருவன் தானாக நினைத்தான். அந்தப் பெயர்களைத் தாண்டித்தான் நம் பிள்ளைகளின் தகரப் பெட்டிகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. தேரும் வேண்டாம், போர்வையும் வேண்டாம். வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்னால், தலைமையாசிரியரின் மேஜைக்கு எதிரில் நின்று அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் ஓர் அறையையும் அதில் உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளையும் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், எப்போது காட்டுவீர்கள் என்று தேதி கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.